முப்பத்தேழாம் நம்பர் நாற்காலி

"வலது மூலை ரெண்டு மில்லி கீழ," என்றார் ரசமட்டம்.

ஏணியின் உச்சியில், தலை கூரையில் இடிக்க நின்றிருந்த எலெக்ட்ரீஷியன் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"சார், காலையில இடது மூலைதான் ரெண்டு மில்லி கீழன்னீங்க. ஏத்தினேன். இப்ப ரெண்டும் சமமா இருக்கணுமே?"

"ரெண்டு மில்லி ஏத்தச் சொன்னேன். நீ நாலு மில்லி ஏத்திட்டே."

"நாலு மில்லியை எப்படி சார் கண்ணால பார்க்கிறீங்க?"

"பார்க்கலை. உறுத்துது."

எதிர்ச் சுவரில் தொங்கிய திரையில் ஒரு நீலச் செவ்வகம் விழுந்திருந்தது. செவ்வகம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேலே குறுகி, கீழே அகன்று, பார்க்க முறம் போலத்தான் இருந்தது. போன மாதம் புரொஜெக்டர் தையல் மெஷினின் மேல் இருந்தபோது முறம் தலைகீழாக இருந்தது. கூரைக்கு ஏற்றிய பிறகு நிமிர்ந்துகொண்டது. ஏழு மாத உழைப்பில் கிடைத்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

"அதுலயே ஒரு பொத்தான் இருக்கு சார். அமுக்கினா தானா நேராயிடும்," என்றார் எலெக்ட்ரீஷியன்.

"நேராகாது. கோணலை மறைக்கும். தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டுற வேலை அது. எத்தனை கடையில புளியைச் சுரண்டி எடுத்திருக்கேன் தெரியுமா?"

தெரியும். தெருவுக்கே தெரியும். எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர் அவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைத் தராசுகள் தாமாக நேராக நின்றுவிடும் என்பார்கள். அது மிகை. நேராக நிற்காது, நடுங்கும். ஒருமுறை லேசாக நிலம் அதிர்ந்து எல்லோரும் வீதிக்கு ஓடி வந்தபோது, இவர் மட்டும் உள்ளேயே நின்று, "இப்பத்தான் புத்தக அலமாரி சரியா நிக்குது" என்றாராம். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் உலகம் கோண ஆரம்பித்தது. யார் வீட்டுப் பெயர்ப்பலகை, யார் வீட்டு வாசல்படி என்று பார்க்காமல் போய் நின்றுவிடுவார். கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று, அரையடி நீளம், நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி, எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அந்தப் பெயரே அவருக்கும் நின்றுவிட்டது.

எலெக்ட்ரீஷியனுக்கும் பட்டப்பெயர் உண்டு. ஷாக். கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிற மனிதர். டெஸ்டர் சில நேரம் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பது அவர் கொள்கை. இருபது வருஷம் தொட்டுத் தொட்டு, இப்போதெல்லாம் மழைக்காலத்தில் அவரோடு கைகுலுக்கினால் கடிகாரம் நின்றுவிடுகிறது.

அன்றும் மழைதான். ஹாலின் ஒரு மூலையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ரசமட்டத்தின் மனைவி. தெருவில் பாதிப் பேரின் உடம்பு அவருடைய டேப்பில் அடக்கம், அதனால் எல்லோருக்கும் தையலம்மா. கணவரின் சட்டைப் பைகளை எல்லாம் ரசமட்டம் நிற்கிற அளவுக்கு ஆழமாக வைத்துத் தைப்பவரும் அவர்தான்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க," என்றார் ஷாக். "படம் நேராத்தானே இருக்கு?"

தையலம்மா தலையைத் தூக்கவில்லை. "என்னைக் கேட்காதப்பா. அந்தக் குழாய்க்குள்ள இருக்கிற குமிழியைக் கேளு. இருபத்தொன்பது வருஷமா இந்த வீட்டுல அது சொல்றதுதான் சட்டம். எனக்கு அது சக்களத்தி."

"பார்த்தியா, அவளே ஒத்துக்கிட்டா," என்றார் ரசமட்டம்.

இந்தப் புரொஜெக்டர் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்ல இருபத்தொன்பது வருஷம் பின்னால் போகவேண்டும். கல்யாணமான மூன்றாவது வாரம் இருவரும் ஒரு சினிமாவுக்குப் போனார்கள். பெயர் போட்டு முடிவதற்குள் அவர் கண்ணில் ஒன்று பட்டது. திரையின் மேல் மூலையில் ஒரு சுருக்கம். கதாநாயகியின் நெற்றி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மடிந்தது. "ஒரு நிமிஷம், சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். ஆபரேட்டர் அறைக்குப் போனார், அங்கிருந்து மேனேஜர் அறைக்குப் போனார், ஏணி கேட்டார், ஏணி இல்லை என்றார்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தார், நகல் கேட்டார். நகலோடு திரும்பி வந்தபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கடைசியாகப் புது மனைவி வந்தார்.

"படம் எப்படி?" என்று கேட்டார் ரசமட்டம்.

"நல்லா இருந்துச்சு," என்றார் மனைவி.

அதற்கப்புறம் அவர்கள் எந்தப் படத்துக்கும் போகவில்லை. வேலை இருந்தது, தராசுகள் இருந்தன, நாள் போனது தெரியவில்லை. ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், அலுவலகத்தில் கொடுத்த கேடயத்தை அலமாரியில் நேராக நிறுத்த அவர் போராடிக்கொண்டிருந்தபோது, தையலம்மா சொன்னார்: "ஏங்க, எனக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு படம். முழுசா. பக்கத்துல உக்காந்து. ஒரு தடவை பார்த்துடலாமா?"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. ரசமட்டத்துக்கு அது கேட்டது. அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லக் கூடாது. மறுநாளே போய்ப் புரொஜெக்டரும் நூற்றிருபது அங்குலத் திரையும் வாங்கி வந்தார். பக்கத்தில் இருக்கும் கொட்டகையை நம்புவதற்கு அவருக்குத் தைரியம் இல்லை. அங்கே அந்தச் சுருக்கம் இன்னும் இருக்கலாம். யாருக்கும் சொல்லாமல் இன்னொரு காரியமும் செய்தார். மனைவி பார்த்து, தான் பார்க்காமல் விட்ட அதே படத்தைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் தையலம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இரு. கோணலா இருக்கு."

"கோணலா இருந்தா என்னங்க? மனுஷங்க மூஞ்சி தெரியுதுல்ல?"

"கோணலைப் பார்த்துப் பழகிட்டா கண்ணு கெட்டுப் போயிடும். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

இரண்டாவது வாரமும் பொட்டு வைத்து வந்தார். மூன்றாவது வாரம் பொட்டு மட்டும் இருந்தது, உட்காரவில்லை. மூன்றாவது மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். நச்சரிப்பு நின்றதால் வேலை சுறுசுறுப்பாக நடந்தது என்று ரசமட்டம் ஷாக்கிடம் சொன்னார்.

புரொஜெக்டரைக் கூரைக்கு ஏற்றியதும் முறம் மட்டுமல்ல, வேறொன்றும் தெரிந்தது. ஒளி போகும் பாதையில் மின்விசிறி தொங்கியது. ஓடவிட்டால் திரையில் வந்த மனிதர்கள் எல்லோரும் நிமிஷத்துக்கு இருநூறு தடவை வெட்டுப்பட்டார்கள். நிறுத்தினால் ஒரு இறக்கை கதாநாயகன் தோளில் துடுப்பு மாதிரி நின்றது.

"ஃபேனைக் கழட்டிடு."

"வேர்க்குமே சார்."

"வேர்வை கோணலா வடியாது. கழட்டு."

கழற்றிய விசிறியில் ரசமட்டம் ஒரு அட்டையைக் கட்டினார். அலுவலகத்தில் சரிபார்த்த எடைக்கற்களுக்குக் கட்டும் அதே அட்டை, அதே சணல் கயிறு. பெட்டி நிறைய மிச்சம் வைத்திருந்தார். அட்டையில் எழுதினார்: எண் 1. ஹால். கூரை நடு. எல்லாம் முடிந்ததும் எந்தச் சாமான் எங்கே இருந்ததோ மயிரிழை பிசகாமல் அங்கேயே போய் உட்காரவேண்டும். அதற்குத்தான் அட்டை.

விசிறி போனதும் தூரம் போதவில்லை என்று தெரிந்தது. புரொஜெக்டரைப் பின்னால் தள்ளினால் படம் நிறையும், பின்னால் தள்ளினால் பீரோ இடிக்கும். பீரோ எண் 2. பீரோ நின்ற இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் திரைக்கே அனுப்பியது, படம் சோகை பிடித்தது போல வெளுத்தது. சுவருக்குக் கருஞ்சாம்பல் பெயிண்ட் அடித்தார்கள். நான்கு சுவரும் அடித்த பிறகு ஹாலில் நிற்பது கிணற்றுக்குள் நிற்பது மாதிரி இருந்தது. ஜன்னலில் கசியும் வெளிச்சம் இப்போது முன்னைவிடக் கண்ணைக் குத்தியது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தேவைப்பட்டது. பதினான்கு மீட்டர். தையலம்மா ஒரு வார்த்தை பேசாமல் தைத்துக் கொடுத்தார்.

கறுப்புத் துணி தொங்கிய மறுநாள் எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்தார். செருப்பை மெதுவாகக் கழற்றினார். கறுத்த சுவர்களைப் பார்த்தார். ரசமட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தைரியமா இருங்க சார். முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

"யாரும் போகலைங்க. இது தியேட்டர்."

எதிர்வீட்டுக்காரர் அவர் தோளைத் தட்டினார். "சரி சார்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மழைத் தூறலாகவும் இருக்கலாம்.

இருட்டு கூடக் கூட, மினுக்குகிற பொருள் எல்லாம் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. கண்ணாடி அலமாரி மினுக்கியது. அது எண் 9. அதற்குள் இருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் 10 முதல் 17 வரை. சோபாவின் மரக்கை மினுக்கியது. கல்யாணப் போட்டோவின் கண்ணாடியில் முழுப் படமும் தலைகீழாகத் தெரிந்தது.

"இதையும் எடுத்துடலாமா?" என்று கேட்டார் ரசமட்டம். கேட்டார் என்பதைக் கவனிக்கவேண்டும். மற்றதற்கெல்லாம் கேட்கவில்லை.

"எடுத்துடுங்க," என்றார் தையலம்மா. "என்ன நம்பர்?"

"இருபத்தொன்பது."

"பொருத்தமாத்தான் இருக்கு."

கடைசியாக மிஞ்சியது தையல் மெஷின். அதன் சக்கரத்தில் நிக்கல் பூச்சு. திரையில் யார் வந்தாலும் கன்னத்தில் ஒரு நட்சத்திரம் மின்னியது. இதை எப்படிச் சொல்வது என்று ரசமட்டம் இரண்டு நாள் யோசித்தார். மனைவியின் வருமானமும் பொழுதும் அந்த மெஷின்தான். தொட்டால் வீடு இரண்டாகும் என்று அவருக்கே தெரியும். மூன்றாவது நாள் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த மெஷின்..."

"அதுவும் போகட்டும்," என்றார் தையலம்மா.

ரசமட்டம் திகைத்துப்போனார். "நிஜமாவா சொல்றே?"

"ஆமாங்க. வீட்டுல வைக்க இடமும் இல்ல. பின்கட்டு முழுக்க சாமானா அடைஞ்சு கிடக்கு, நடக்க முடியலை. மூணாவது தெருவுல தெரிஞ்சவங்க மாடி ஒண்ணு பூட்டிக் கிடக்கு. எல்லாத்தையும் அங்க கொண்டுபோய் வெச்சிடலாம். நான் பேசிட்டேன்."

"ஒழுகுமா?"

"ஒழுகாது. ரெண்டு மழையில போய்ப் பார்த்துட்டேன்."

"அளவு?"

தையலம்மா, பிறர் இடுப்பளவு தோளளவு எழுதும் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. ஹால் இத்தனைக்கு இத்தனை, உள் அறை இத்தனைக்கு இத்தனை, ஜன்னல் கிழக்கே, கதவு உள்பக்கம் திறக்கும், படி பதினேழு, ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம்.

ரசமட்டத்தின் கண்கள் பனித்தன. இத்தனை வருஷ இல்லறத்தில் மனைவி முதல்முறையாக அவர் பாஷையில் பேசியிருக்கிறார். அன்று முழுக்க உட்கார்ந்து, வரைபடத் தாளில் அந்த மாடியை அளவுப்படி வரைந்தார். சாமானைக் குவித்து வைப்பவர்கள் மனிதர்களே அல்ல என்பது அவர் எண்ணம். பீரோ வடக்குச் சுவரில். அலமாரி அதற்கு எதிரே. மெஷின் ஜன்னல் ஓரம், இடது பக்கம் வெளிச்சம் விழும்படி.

"காத்துப் பட்டா துருப் பிடிக்காது," என்று விளக்கினார்.

"நான் நினைச்சதும் அதே இடம்தான்," என்றார் தையலம்மா. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அழகா வரைஞ்சிருக்கீங்க. நிஜமா." அதை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க ரசமட்டம் ஷாக்கிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். "பார்த்தியா? முன்ன எல்லாத்துக்கும் முறைப்பா. இப்ப நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு செய்யறா. சினிமான்னா பொம்பளைங்களுக்கு அவ்வளவு இஷ்டம்."

அன்றைக்கு ஷாக் கம்பியைத் தொட்டபோதுகூட முகம் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வண்டி மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. சாமான் எல்லாம் அட்டையோடு பின்கட்டிலும் வாசலிலும் வரிசையில் நின்றன. சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள் ஆறு, 32 முதல் 37 வரை. ஹாலில் திரை மட்டும், கூரையில் புரொஜெக்டர் மட்டும். எதைப் பேசினாலும் சுவர் திருப்பிச் சொன்னது. "ம்" என்றால் "ம்" என்றது. இருபத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு உடனே ஒருவர் ஆமாம் போட்டது அப்போதுதான்.

"எதிரொலிக்குதே," என்றார் கவலையோடு.

"எதிரொலிக்குதே," என்றது சுவர்.

சாமான் இருந்தால் மினுக்குகிறது, இல்லாவிட்டால் எதிரொலிக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். முதலில் உட்காரும் இடம். திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம், நட்ட நடு. சாக்கட்டியால் தரையில் ஒரு புள்ளி வைத்தார். இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். எழுந்து மற்றதில் உட்கார்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

இரண்டு நாற்காலி போட்டால் இரண்டுமே நடுவில் இல்லை. ஒருவருக்கு இடது கோணல், மற்றவருக்கு வலது கோணல். புள்ளி ஒன்றுதான். புள்ளியை இரண்டாக வெட்ட முடியாது.

அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு வந்தார். மிச்சமிருந்ததைப் புள்ளியின் மேல் வைத்தார். அவள் உட்காரட்டும். நாம் பின்னால் நின்றுகொண்டு பார்க்கலாம். தியாகம் என்று அதைச் சொல்லாவிட்டால் எதைச் சொல்வது?

தையலம்மா அப்போது உள்ளே வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பொட்டு வைத்திருந்தார். பல மாதத்துக்குப் பிறகு.

"போடுங்க. பார்க்கலாம்."

"இப்பவா?"

"இப்பவே. வண்டி வர இன்னும் நேரம் இருக்கு. வந்தா காத்திருக்கட்டும். எப்படி இருந்தாலும் பரவாயில்லை. போடுங்க."

ரசமட்டம் ரசமட்டத்தை எடுத்துத் திரையின் அடிக்கட்டையில் வைத்தார். குமிழி நடுக்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"அரை மணி. ஒரு மில்லிதான்."

"ஒரு மில்லி எனக்குத் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுமே! முன்னாடி அந்தக் கொட்டகையில சுருக்கத்தோட பார்த்தியே, அந்த மாதிரி இன்னொரு தடவை உன்னைப் பார்க்க விடமாட்டேன்."

தையலம்மா உட்கார்ந்தே இருந்தார். நீல வெளிச்சத்தில் கணவர் திரைக்குக் கீழே மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, ஒரு திருகாணியை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் நிழல் திரை முழுக்க விழுந்தது. வேறு எதுவும் அதில் தெரியவில்லை. பத்து நிமிஷம் தையலம்மா அதைப் பார்த்தார். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சரிங்க," என்று எழுந்தார்.

"நீயும் வண்டியோட போ," என்றார் ரசமட்டம், திரும்பாமல். "கூட நின்னு பாரு. இல்லாட்டி பீரோவைத் தெற்கே வெச்சிடுவாங்க. நான் வரைஞ்ச படத்துல இருக்கிற மாதிரியே எல்லாம் வைக்கச் சொல்லு. ஆறு மணிக்குள்ள வந்துடு."

"படத்துல இருக்கிற மாதிரியே வைக்கச் சொல்றேன்," என்றார் தையலம்மா. "காஸ் மூடியாச்சு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். மாத்திரை ஜன்னல் திட்டுல இருக்கு, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒண்ணு."

"ம்."

"ம்," என்றது சுவர்.

வாசலில் குடையை எடுக்கும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, யாரோ நின்று பார்க்கிற மாதிரி. பிறகு படியிறங்கும் சத்தம். சாமான் ஏற்றுகிறவர்களின் "பார்த்து, பார்த்து". இரண்டு நடை, மூன்று நடை. ரசமட்டத்தின் காதில் எதுவும் முழுதாக விழவில்லை. திருகாணி கால் சுற்று, அரைக்கால் சுற்று, மூச்சைப் பிடித்து அதிலும் பாதி.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குமிழி நடுவில் நின்றது.

நட்ட நடுவில். அவர் நான்கு மூலையையும் டேப்பால் அளந்தார். மூலைவிட்டம் இரண்டும் ஒன்று. முறம் போய்விட்டது. ஏழு மாதத்தில், ஒருவேளை உலகத்திலேயே, முதல்முறையாக ஒரு சரியான செவ்வகம் அங்கே நின்றது. ரசமட்டம் சட்டையைத் திருத்திக்கொண்டார். அந்தப் பழைய படத்தைத் தயாராக வைத்தார். நாற்காலியின் மேல் இருந்த தூசியைக் கைக்குட்டையால் தட்டினார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வா வா! சரியாயிடுச்சு! உக்காரு!"

"உக்காரு," என்றது சுவர்.

வந்தவர் சாமான் ஏற்றும் மேஸ்திரி. தலையில் ஈரத் துண்டு, காதில் பென்சில், கையில் ரசமட்டம் எழுதிக் கொடுத்த பட்டியல். அக்குளில் கல்யாணப் போட்டோ.

"சார், இருபத்தொன்பதை மட்டும் அம்மா இங்கயே விட்டுடச் சொன்னாங்க." போட்டோவைச் சுவரில் சாய்த்து வைத்தார். கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தார்.

கண்ணாடி உடைந்துவிடும் என்று பயந்திருப்பாள், எவ்வளவு பொறுப்பு, என்று நினைத்துக்கொண்டார் ரசமட்டம்.

"உள் ரூம்ல ஒரு கட்டில், மேசை இருக்கு. அதுல நம்பர் இல்ல. நம்பர் இல்லாததைத் தொடவேண்டாம்னுட்டாங்க." மேஸ்திரி பட்டியலில் விரலை ஓட்டினார். பிறகு ஹால் நடுவே இருந்த நாற்காலியின் காலில் தொங்கிய அட்டையைக் குனிந்து பார்த்தார். "முப்பத்தேழு. இதுதான் கடைசி."

"அது இங்க இருக்கட்டும். அவ உக்காரணும்."

"லிஸ்ட்ல இருக்கே சார். கீழ உங்க கையெழுத்தும் இருக்கு."

இருந்தது. முத்திரைகூட இருந்தது. தன் கையெழுத்துப் போட்ட பட்டியலை மீறியவர் என்ற பெயர் ரசமட்டத்துக்கு ஒருநாளும் கிடையாது. ஒரு எண் குறைந்தாலும் கணக்கு கோணும். அவர் ஒதுங்கி நின்றார்.

"சரி, கொண்டு போ. ஆனா அவகிட்ட சொல்லு, ஆறு மணி ஆச்சு, படம் நேரா நிக்குது, சீக்கிரம் வரச் சொல்லு."

மேஸ்திரி நாற்காலியைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். ஒரு காலடி எடுத்து வைத்தவர் நின்றார். கறுத்த சுவர்களை, காலி ஹாலை, நீலச் செவ்வகத்தை, அதன் முன்னால் கைக்குட்டையோடு நின்ற மனிதரை ஒருமுறை பார்த்தார். நாற்காலிக் கால்களுக்கு நடுவிலிருந்து அவர் குரல் மரியாதையோடு வந்தது.

"முப்பது வருஷமா வீடு மாத்திக் குடுக்கிறேன் சார், விட்டுட்டுப் போற பொண்டாட்டிக்கு இவ்வளவு பொறுமையா நம்பர் போட்டு, புது வீட்டுல எது எங்க இருக்கணும்னு வரைஞ்சும் குடுத்த புருஷனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."